இருநூற்றுப் பதினாறின் உருப்படிகள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னையும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாடம் நடத்துகிற மாஸ்டர்கள் சிலருக்கு அதில் வருத்தம் உண்டு. கணக்கு வாத்தியார் ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார், "உங்களை டெய்லர்னு கூப்பிடச் சொல்லலாமே" என்று. "தாராளமா சொல்லுங்க சார், எனக்கு ஒண்ணுமில்ல. உங்க பேன்ட் மட்டும் அடுத்த மாசம்தான் கிடைக்கும்" என்றேன். அன்றையிலிருந்து அவரும் மாஸ்டர் என்றே கூப்பிடுகிறார்.

என் தையல் மெஷின் கிடப்பது சலவைக் கொட்டகையின் மூலையில். விடுதியில் நானூற்றுச் சொச்சம் பிள்ளைகள். அத்தனை பேர் துணியும் அங்கேதான் வரும், அங்கேதான் போகும். பள்ளிக்கூடம் மலைமேல் இருக்கிறது. வருஷத்தில் ஏழு மாதம் மழை, மிச்சம் ஐந்து மாதம் மழை வருமா வராதா என்ற பேச்சு. வெளியே கொடியில் போட்டால் துணி காய்வதற்குள் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடும். அதனால் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பாய்லரும், அதன் சூட்டுக் குழாய்கள் ஓடுகிற உலர்த்தும் அறையும் உண்டு. குளிர் நாளில் அந்த அறைக்கு வருவதற்கு வாத்தியார்களே சாக்குத் தேடுவார்கள்.

கொட்டகை ஒரு குடும்பத்தின் கையில் இருந்தது. பாய்லரைப் பார்த்துக்கொள்பவர் புருஷன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், அதிலும் எட்டு பாய்லரிடம் பேசுவார். துவைப்பது, அலசுவது, நீலம் போடுவது, கஞ்சி போடுவது, இஸ்திரி, மடிப்பு, கட்டு எல்லாம் பெண்டாட்டி பொறுப்பு. கூட மூன்று பெண்கள் வேலைக்கு வருவார்கள். பிள்ளைகள் அவளைச் சலவையம்மா என்பார்கள், நாங்களும் அப்படித்தான். பதினாறு வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூட அவளிடம் தொலைந்ததில்லை. அதை அவளே நாளுக்கு நாலு தடவை சொல்லுவாள்.

ஒரே மகள். பதினேழு வயசிலும் வீட்டில் கூப்பிடுவது பாப்பா என்றுதான். ஊழியர் வீட்டுப் பிள்ளை என்பதால் அதே பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் பன்னிரண்டாவது படித்தாள். கொட்டகையை ஒட்டி இரண்டு அறை வீடு. பள்ளிக்கூடம் விட்டதும் உலர்த்தும் அறைக் கதவோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு படிப்பாள், அம்மா கூப்பிட்டால் மடிப்புக்கு வருவாள். ஊழியர் பிள்ளைகள் விடுதிப் பிள்ளைகளோடு வகுப்புக்கு வெளியே பேசக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. சட்டம் போட்டவர்களுக்குப் பதினேழு வயசு ஆனதே இல்லை போலிருக்கிறது.

விடுதிப் பிள்ளைகளை எங்களுக்குப் பெயரால் தெரியாது. ஆளுக்கொரு எண். காலரில், இடுப்புப் பட்டியில், சாக்ஸ் விளிம்பில் எல்லாம் அந்த எண்ணைத் தைப்பது என் வேலை. சலவையம்மா துணியைப் பார்த்தே ஜாதகம் சொல்லுவாள். "நூத்தி எட்டு சாப்பிடத் தெரியாம சாப்பிடுறான்." "முந்நூத்திப் பத்துக்கு வீட்டு ஞாபகம் வந்துடுச்சு அண்ணே, தலகாணி உறையெல்லாம் உப்பு." அப்படி ஒரு எண்தான் இருநூற்றுப் பதினாறு.

பையன் பன்னிரண்டாவது படித்தான். உயரமென்றால் உயரம், அதற்கேற்ற சதை கிடையாது. கூட்டாளிகள் ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்து, அதையும் சுருக்கிக் குச்சி ஆக்கியிருந்தார்கள். பள்ளிக்கூட ஸ்வெட்டரில் எந்த அளவும் அவனுக்குக் கை எட்டாது. இரண்டு ஸ்வெட்டருக்கும் பழைய கம்பளி வெட்டி அரைச் சாண் ஒட்டுப் போட்டுக் கொடுத்தது நான்தான். நீலம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். "பரவால்ல மாஸ்டர், மணிக்கட்டு மூடினா போதும்" என்றான்.

போன வருஷம் மழை தொடங்கின சமயத்திலிருந்து அவனுக்கு வாராவாரம் ஒரு சாக்ஸ் காணாமல் போகத் தொடங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் கொட்டகை வாசலில் வந்து நிற்பான். "சலவையம்மா, ஒரு சாக்ஸ் குறையுது." சலவையம்மாவுக்கு அது தன்மானப் பிரச்சினை. துவைக்கிற மெஷினுக்கு அடியில் கையை விட்டுப் பார்ப்பாள், மூட்டை மூட்டையாக உதறுவாள், வேலைக்காரப் பெண்களைத் திட்டுவாள். அவள் தேடுகிற அரைமணி நேரமும் பையன் உலர்த்தும் அறைக் கதவோரம் நின்று பாப்பாவிடம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பான். மறுநாள் சாக்ஸ் "கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு" என்று சேதி வரும். மூன்றாவது வாரமே எனக்கு விளங்கிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. நமக்கென்ன, ஊசியில் நூல் கோக்கிற வேலை.

பரீட்சை முடிந்து நடுவில் ஒரு வார விடுமுறை விட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ்கள் வந்து நிற்க, பிள்ளைகள் அழுக்கு மூட்டைகளைக் கொட்டகையில் எறிந்துவிட்டு ஓடினார்கள். பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் அவற்றைப் பிரிப்போம். மூட்டைக்குள் என்னென்ன இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், இங்கே எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு எண்ண யாருக்கு நேரம். பாய்லர்காரர் சீட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், அடுத்த மூட்டை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்தபடி வந்தாள். அந்தச் சந்தடியில் யார் கண்ணிலும் படாமல் இருநூற்றுப் பதினாறு, தான் கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்து ஒரு ஸ்வெட்டரை எடுத்து அவள்மேல் போட்டுவிட்டு, "வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான். சீட்டில் ஸ்வெட்டர் இரண்டு என்றே இருந்தது.

அவன் வரவில்லை. ஊருக்குப் போன மூன்றாம் நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு சேதி வந்தது, தேறிவிடும் என்று ஒன்று வந்தது. பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் பெயர் சொல்லி, இரண்டு நிமிஷம் மௌனம் என்றார். அந்தப் பெயரை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். யாரோ என்று நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பையன் விசும்பி, "குச்சி" என்றான்.

பாப்பா அழவில்லை. வகுப்புக்குப் போனாள், வந்தாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள். சலவையம்மாதான் கொட்டகை நடுவில் நின்று மூக்கைச் சிந்தினாள். "பாவம்ணே. சாக்ஸு சாக்ஸுன்னு என் உயிர எடுப்பான். இனிமே யாரு வந்து கேப்பா."

மத்தியானம் வார்டன் வந்தார். பையனின் அப்பா அம்மா வியாழக்கிழமை வந்து சாமான்களை எடுத்துக்கொள்வார்கள், அவனுடைய துணி எல்லாவற்றையும் தயார் செய்து வையுங்கள் என்றார். சலவையம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். வேறு யாரையும் தொடவிடவில்லை. விடுதிக் கட்டிலிலிருந்து போர்வை, தலையணை உறை, துண்டு, கொக்கியில் தொங்கின சட்டை வரைக்கும் கொண்டுவரச் செய்து, மூட்டையில் இருந்ததோடு சேர்த்துக் கையாலேயே துவைத்தாள். மெஷினில் போடவில்லை. காலர் அழுக்கைப் பிரஷ் வைத்துத் தேய்த்தாள். இரண்டு தண்ணீருக்கு மூன்று தண்ணீர் அலசினாள். பேனா மை பட்ட ஒரு சட்டைப் பையோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினாள்.

பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து உலர்த்தும் அறைக் கதவைத் திறந்தாள். கம்பி முழுக்க அவன் துணி. அப்படியே நின்றாள்.

"எல்லாத்தையும் தொவைச்சுட்டியாம்மா?"

"பின்ன? பெத்தவ கையில அழுக்குத் துணியா தூக்கிக் குடுப்பாங்க? நம்மால வேற என்ன பண்ண முடியும். அந்தப் புள்ளைக்கு இதையாவது நல்லபடியா பண்ணுவோம்."

"தலகாணி உறையுமா?"

"அதுதான் மொதல்ல. எண்ணெய்ப் பிசுக்கு. ஏண்டி, மூஞ்சி ஏன் அப்படிப் போகுது. சாப்புட்டியா?"

பாப்பா சாப்பிட்டேன் என்றாள். சாப்பிடவில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. தாய்க்குத் தெரியவில்லை. அவள் கண்ணுக்கு அன்றைக்குக் கறை மட்டும்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை சீட்டோடு ஒப்பிட உட்கார்ந்தபோதுதான் கொட்டகை கிடுகிடுத்தது. சட்டை ஆறு, சரி. கால்சட்டை நாலு, சரி. ஸ்வெட்டர் இரண்டு என்று சீட்டு சொல்கிறது, மேஜையில் ஒன்றுதான் இருக்கிறது. கீழே புருஷனின் கையெழுத்து.

"எண்ணித்தானே போட்டீங்க?"

பாய்லர்காரர் தரையைப் பார்த்தார். "மழைல... கூட்டம்" என்றார்.

"கூட்டமாம். கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட நீங்க என்ன மந்திரியா?"

கொட்டகையைத் தலைகீழாக்கினார்கள். நானூறு மூட்டையையும் பிரித்தாள். மெஷினுக்குப் பின்னால் பார்த்தாள், கரித்தொட்டிக்குள் பார்த்தாள், என் வெட்டுத்துணிப் பெட்டியைக்கூடக் கவிழ்த்தாள். வேலைக்காரப் பெண்கள் மூன்று பேரும் சத்தியம் செய்யாத குறை. சாயங்காலம் வரைக்கும் தேடிவிட்டு என் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உசுரோட இருக்கிறவன் துணி தொலைஞ்சா மன்னிப்புக் கேக்கலாம். செத்த புள்ளையோட துணியத் தொலைச்சவன்னு பேரு வந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க இருப்பேன்? எடுத்து வித்துட்டாங்கன்னு சொல்ல எவ்வளவு நேரமாகும்?"

"அப்படியெல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்கம்மா."

"நரம்பில்லாத நாக்கு அண்ணே."

நான் குனிந்து ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தேன். ஏனென்றால் அந்த ஸ்வெட்டர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விடுமுறையில் ஒரு நாள் காலை பாப்பா பால் வாங்கப் போகும்போது சால்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. நான் போட்ட ஒட்டு எனக்குத் தெரியாதா. நீலம் முன்னே பின்னே இருந்தது. அவள் விரல் நுனிவரை அது மூடியிருந்தது.

அம்மா அடுப்பைப் பார்க்கப் போன நேரம் பாப்பா என்னிடம் வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மாமா, உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்கு என்ன தெரியும். நான் குனிஞ்ச தல நிமிராம தைக்கிறவன்."

"வெளையாடாதீங்க மாமா."

மெஷினை நிறுத்தினேன். "தெரியும்" என்றேன்.

"நான் தர மாட்டேன். என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல மாமா. ஒரு போட்டோ இல்ல. ஒரு லெட்டர் இல்ல. பக்கத்துலதான இருக்கோம்னு எழுதிக்கவே இல்ல."

"உங்கம்மா படுற பாடப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

"பாத்துட்டும்தான் தர மாட்டேங்குறேன். நான் கெட்டவளா மாமா?"

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. உதடு மட்டும் வெடித்திருந்தது. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பழக்கமில்லை. "போயி ரெண்டு வாய் சாப்புடு, அப்புறம் நல்லவளா கெட்டவளான்னு பாக்கலாம்" என்றேன். அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்து, வந்த வழியே போய்விட்டது.

புதன்கிழமை காலையில் சலவையம்மா ஒரு யோசனையோடு வந்தாள். ஸ்டோரிலிருந்து புது ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து வந்திருந்தாள். "அண்ணே, இதுல அந்த எண்ணத் தைச்சுக் குடுங்க. நாலு தடவ தொவைச்சா பழசு மாதிரி ஆயிடும். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் எனக்கும் அதுவே வசதியாகப் பட்டது. அம்மாவின் மானம் தப்பும், மகளிடம் இருப்பது மகளிடம் இருக்கும், நானும் வாயைத் திறக்க வேண்டாம். ஒரே ஊசியில் மூன்று ஓட்டை அடைகிறது. எண் தைத்தேன். கைக்கு ஒட்டுப் போட அந்த நீலத்தில் பழைய கம்பளி என்னிடம் மிச்சமில்லை. யார் அளந்து பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். சலவையம்மா அதை ஆறு தடவை துவைத்து வாட்டினாள்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாத மாதிரி பனிமூட்டம். பத்து மணிக்குக் கார் வந்தது. அப்பா காரைவிட்டு இறங்கவில்லை, இறங்க முடியவில்லை என்றார்கள். அம்மா மட்டும் வார்டனோடு கொட்டகைக்கு வந்தாள். பையன் உயரம் யாரிடமிருந்து வந்தது என்று பார்த்ததும் தெரிந்தது. வாசலில் குனிந்து நுழைந்தாள். வார்டன் காகிதங்களைத் தயார் செய்கிறேன் என்று ஆபீசுக்குப் போய்விட்டார்.

இஸ்திரி மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் எல்லாவற்றையும் சலவையம்மா அடுக்கி வைத்திருந்தாள். அப்படியொரு மடிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கத்தி வைத்து வெட்டின மாதிரி ஓரம்.

"உக்காருங்கம்மா. டீ குடிக்கிறீங்களா?"

"வேண்டாங்க." மேஜையைப் பார்த்தாள். "எல்லாம் வெள்ள வெளேர்னு இருக்கு."

"என் கையாலயே பண்ணேன்மா. மெஷின்ல போடல. கஞ்சி லேசாத்தான் போட்டேன், உறுத்தாது."

அந்த அம்மாள் ஒரு சட்டையை எடுத்தாள். மடிப்பைப் பிரித்தாள். இரண்டு கையாலும் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதை வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். அடுத்தது. துண்டு. போர்வை. ஒவ்வொன்றாகப் பிரித்து முகத்தில் வைத்து எடுத்தாள். மேஜையில் மடிப்பெல்லாம் கலைந்து குவியலாகிவிட்டது. எனக்கு முதலில் புரியவில்லை. சலவையம்மாவுக்கும் புரியவில்லை. அழுகிறாள் என்றுதான் நினைத்தோம்.

தலையணை உறையை எடுத்தபோது அவள் கேட்டாள். "இதையுமா தொவைச்சீங்க?"

"அதத்தான்மா மொதல்ல. மூணு தண்ணி அலசினேன்."

"தொவைக்காத உருப்படி ஒண்ணுகூட இல்லையாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. கடையில் இருக்கிறதா என்று விசாரிக்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"வீட்டுல இருந்ததையெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையுறப்ப யாரோ ஒத்தாசையா தொவைச்சுப் போட்டுட்டாங்க. இங்க ஏதாவது இருக்கும்னு நெனச்சுட்டே வந்தேன். வழியெல்லாம் அதே நெனப்பு. எல்லாத்துலயும் சோப்பு வாசனதான் வருது."

அப்போதுதான் சலவையம்மாவுக்கு உறைத்தது. கை தானாக வாய்க்குப் போயிற்று. பதினாறு வருஷமாக அழுக்கை எதிரியாகப் பார்த்தவள். அந்தப் பையன் இந்த உலகத்தில் மிச்சம் வைத்துவிட்டுப் போனதை மூன்று தண்ணீரில் அலசிச் சாக்கடையில் விட்டிருக்கிறோம் என்று அவளுக்கு அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. "ஐயோ, எனக்குத் தெரியாம போச்சேம்மா" என்றாள்.

"நீங்க நல்லதுதான் பண்ணீங்க. உங்களச் சொல்லல."

சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் ஸ்வெட்டர்களை எடுத்தாள். ஒன்றைப் பிரித்துக் கையை நீட்டிப் பார்த்தாள். கைப்பக்கத்து ஒட்டைத் தடவினாள். "ரெண்டுக்கும் மாஸ்டர் கை நீட்டிக் குடுத்தார்னு போன்ல சொன்னான். இது அதுதான்." அடுத்ததை எடுத்தாள். மேலும் கீழும் பார்த்தாள். "இது எம்புள்ளையோடது இல்லையே. கை குட்டையா இருக்கு."

பாய்லர் மட்டும் புஸ் புஸ் என்றது. சலவையம்மா என்னைப் பார்த்தாள், நான் மெஷினைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயசில் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாமா என்று யோசித்தேன்.

"அவன் ஸ்வெட்டர் என்கிட்ட இருக்கு."

பாப்பா உலர்த்தும் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை என்பதே எங்களுக்குத் தெரியாது. சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். வரும்போது நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அம்மாவை அவள் பார்க்கவே இல்லை. நேராக அந்த அம்மாளிடம் போய் நீட்டினாள்.

"தொவைக்கல. அன்னைக்கு மழை பெஞ்சுச்சு, எனக்குக் குடுத்தான். வந்து வாங்கிக்கிறேன்னான்."

அந்த அம்மாள் அதை வாங்கினாள். முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள். நான் மூச்சுவிடக்கூட யோசித்தேன். கிடைத்துவிட்டது, அப்பாடா, கிடைத்துவிட்டது என்று என் மனசு அடித்துக்கொண்டது.

தலையை நிமிர்த்தி அவள் பாப்பாவைப் பார்த்தாள். கிட்டே போய், அவள் தலைமுடிப் பக்கம் குனிந்து ஒரு தடவை மூச்சை இழுத்தாள். திரும்ப ஸ்வெட்டரைப் பார்த்தாள்.

"இதுல உன் வாசனதான்மா வருது" என்றாள்.

பாப்பாவுக்கு அதுவரை இருந்த தைரியமெல்லாம் அங்கேயே இறங்கிவிட்டது. "தெனமும் போட்டுக்கிட்டுதான் தூங்கினேன் ஆன்ட்டி. மொதல்ல அவன் வாசன இருந்துச்சு. நாலு நாள் நல்லா இருந்துச்சு. அப்புறம் காலர்ல மட்டும் இருந்துச்சு. அப்புறம் தேடித் தேடிப் பாத்தேன். நான் தீத்துட்டேன் ஆன்ட்டி. எல்லாத்தையும் நானே தீத்துட்டேன்."

நான் அந்த அம்மாள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தாலும் தப்பில்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே இருந்த துணி மூட்டையைக் காட்டி, "உக்காரு" என்றாள்.

"எனக்கு வாரம் ஒரு லெட்டர் போடுவான். நல்லா இருக்கேன், சாப்புட்டேன், பரீட்சை முடிஞ்சுது. மூணே வரி. அதுக்கு மேல ஒண்ணும் இருக்காது. உங்கிட்ட என்ன பேசுவான்?"

பாப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என்னென்னமோ பேசுவான்."

"சொல்லு."

"வந்த புதுசுல தூக்கம் வராம இந்த பாய்லர் சத்தத்தையே எண்ணிக்கிட்டுக் கெடப்பானாம். அவிச்ச முட்டை பிடிக்காது, பக்கத்துப் பையன் தட்டுல போட்டுடுவான். பாலம் கட்டுற படிப்பு படிக்கணும்பான். எந்தப் பாலமும் பக்கத்துல இல்லையேடான்னா, அதனாலதான் கட்டணும்பான்."

"முட்டை பிடிக்காதா?" அந்த அம்மாள் கேட்டாள். "வீட்டுக்கு வர்றப்பெல்லாம் ரெண்டு ரெண்டா அவிச்சு வெப்பேனே."

"நீங்க கஷ்டப்பட்டு வெக்கிறீங்கன்னு சாப்புடுவானாம். அப்புறம்... உங்களப் பத்தியும் சொல்லுவான்."

"என்ன சொல்லுவான்?"

"வேண்டாம் ஆன்ட்டி."

"பரவால்ல, சொல்லு."

"நீங்க ரொம்பச் சிரிச்சா மூக்குல பன்னிக்குட்டி மாதிரி சத்தம் வரும்னு. அது கேக்குறதுக்காகவே வீட்டுக்குப் போனா கோமாளி வேஷம் கட்டுவேன்னு."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். மூக்கில் அந்தச் சத்தம் வந்தது. பையன் சொன்னது அச்சு அசல். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாகத் திரும்பி, அவள் ஸ்வெட்டரை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பாப்பா எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. அந்த அம்மாள்தான் கையை நீட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் இருந்தார்கள். சாக்ஸ் கதை உள்பட எல்லாவற்றையும் பாப்பா சொன்னாள். நான் அன்றைக்கு ஒரு தையலும் போடவில்லை.

வார்டன் காகிதத்தோடு வந்தபோது அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருந்தாள். "எல்லாம் சரியா இருக்குங்களா?" என்று அவர் கேட்டார். சலவையம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டாள். கை குட்டையான ஸ்வெட்டரை மட்டும் என் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனாள். பாப்பா கொடுத்ததை எடுத்துக்கொண்டு போனாள். திருப்பித் தருவாளோ என்று எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. தரவில்லை. அவள் வாசலில் குனிந்து வெளியே போகும்போது பாப்பாவின் கை கொஞ்சம் முன்னால் நீண்டு, தானே திரும்பி வந்தது.

கார் சத்தம் இறக்கத்தில் தேய்ந்த பிறகு சலவையம்மா மகளிடம் வந்தாள். வேலைக்காரப் பெண்களை வெளியே போகச் சொன்னாள். என்னைப் போகச் சொல்லவில்லை, மறந்துவிட்டாள்.

"எத்தன நாளா?"

"ஒரு வருஷமா."

"அந்தச் சாக்ஸெல்லாம்?"

"ஒண்ணும் தொலையலம்மா."

"அடிப்பாவி. மூணு தடவ மெஷினையே கழட்டிப் பாத்தேனேடி." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. "சரி, அப்ப சொல்லல. பயம். செத்த பிறகாவது சொல்லியிருக்கலாம்ல? இத்தன நாளா ஒரு பருக்கை எறங்காம, ஒத்தையில... பெத்தவ நான் இங்கதானே இருக்கேன். என்கிட்ட ஏண்டி சொல்லல?"

பாப்பா மேஜையைப் பார்த்தபடி சொன்னாள்.

"சொல்லியிருந்தா அதையும் வாங்கித் தொவைச்சிருப்பம்மா."

சலவையம்மா மறுக்கவில்லை. துவைத்துத்தான் இருப்பாள், அது அவளுக்கே தெரியும். தரையில் உட்கார்ந்து மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பாப்பா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். பாய்லர்காரர் சத்தம் கேட்டு உள்ளே வந்தார், இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய் பாய்லரை நிறுத்தினார். நானூறு பேர் மூட்டை மலையாகக் கிடந்தது. அன்றைக்கு நாங்கள் ஒன்றையும் துவைக்கவில்லை.